ஐந்தரை சென்ட்

போல்ட் ரைபிளின் விசை எத்தனை பவுண்டு இழுப்புக்கு இணங்க வேண்டும் என்பது அமெரிக்க வேட்டைக்காரர்கள் அலுக்காமல் பேசும் பொருள்களுள் ஒன்று. தொழிற்சாலை தரும் விசை பலருக்கு உவப்பதில்லை. கடினமாக இருக்கிறது, கரகரக்கிறது என்பர். விரல் வலிந்து இழுக்கையில் குழல் சற்றே அசையும், குறி தவறும். ஆகவே திருகாணிகளைத் திருத்தி இலகுவாக்குவர். அல்லது விசைத் தொகுதியையே கழற்றிவிட்டு, 1946 முதல் இதையே தொழிலாகக் கொண்ட டிம்னி போன்றோர் செய்த வேறொன்றைப் பொருத்துவர். மூன்று பவுண்டு போதும் என்பது பலரின் கருத்து. போட்டியாளர் சிலரோ அவுன்சுக் கணக்குக்கே இறங்கிவிடுகின்றனர்.

இந்த ஆசை நமக்குப் புரியாததன்று. கல்லூரி நாள்களில் தேசிய மாணவர் படையில் .303 ரைபிளைக் கையாண்டிருக்கிறோம். அதன் விசை இரு கட்டமாக நகரும். முதல் இழுப்பில் விரல் எளிதாகப் பின்வாங்கி ஓரிடத்தில் முட்டி நிற்கும். அதற்கு மேல் அழுத்தினால்தான் வெடிக்கும். அந்த இடத்தில் மூச்சை அடக்கி நின்ற நொடியை எங்கள் விரல்கள் இன்றும் மறக்கவில்லை. சுடலாம்; சுடாமல் விரலைத் தளர்த்தியும் விடலாம்.

விசையின் முதல் வேலை தடுத்து நிறுத்துவது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சுருள்வில்லின் வேகத்தோடு பாயக் காத்திருக்கும் ஊசியை, உள்ளே ஓர் எஃகு விளிம்பு மற்றொன்றின்மேல் அமர்ந்து தாங்குகிறது. ஒன்றையொன்று பற்றும் அளவு மயிரிழை போன்றது. அதைக் குறைத்தால் விசை மென்மையாகும். மிகக் குறைத்தாலோ துப்பாக்கி எதிலேனும் மோதினாலே வெடித்துவிடும்.

ரெமிங்டன் நிறுவனம் 1962-இல் வெளியிட்ட 700 ரகத்துக்கு மென்மையான விசை என்னும் நற்பெயர் இருந்தது. அதை 1940-களில் வகுத்தவர் மைக் வாக்கர் என்னும் பொறியாளர். விசையோடு ஒட்டி, ஆனால் தனித்து அசையும் சிறு தகடு ஒன்றை அவர் வைத்தார். சுடும்போதெல்லாம் அது விலகி மீளும். அந்த இடைவெளியில் தூசியோ பிசுக்கோ தங்கினால் தகடு முழுமையாக மீளாது. பாதுகாப்புத் தாழை விலக்கிய கணமே, விரல் படாமலே துப்பாக்கி வெடிக்கும் என்பது வழக்குத் தொடுத்தோரின் வாதம். வாக்கரே 1948-இல் கூடுதல் தடுப்பு ஒன்றை முன்மொழிந்தார். துப்பாக்கி ஒன்றுக்கு ஐந்தரை சென்ட் செலவாகும். நிறுவனம் ஏற்கவில்லை. (அந்நாளில் அங்கே கடிதத்துக்கு ஒட்டும் தபால் தலை மூன்று சென்ட். இரண்டு தலைகளுக்குக் கூடக் காணாத தொகை!)

2000-ஆம் ஆண்டில் மொன்டானா மாநிலத்தில், வேட்டை முடிந்து திரும்பிய ஒரு தாய் தோட்டாக்களை அகற்றுவதற்காகப் பாதுகாப்புத் தாழை விலக்கினார். பழைய 700 ரகத்தில் தாழை விலக்காமல் தோட்டாவை எடுக்க இயலாது. 1982-இல்தான் அவ்வமைப்பு மாற்றப்பட்டது. துப்பாக்கி வெடித்தது. குண்டு, குதிரைகளை ஏற்றிச் செல்லும் இழுவை வண்டியை ஊடுருவி, மறுபுறம் நின்ற ஒன்பது வயது மகனைக் கொன்றது. விசையைத் தாம் தொடவே இல்லை என்றார் அந்தத் தாய்.

துப்பாக்கியில் குறையில்லை, சரிவரப் பேணாததும், வாங்கியவர்கள் விசையைத் திருகியதுமே காரணம் என்று நிறுவனம் நெடுங்காலம் வாதிட்டது. இதை முற்றும் தள்ளிவிடுவதற்கில்லை. திருப்புளியும் துணிச்சலுமாகத் தாமே விசையைக் கெடுத்துக்கொண்டவர்கள் எங்கும் உண்டு. ஆனால் தன் வரைபடங்களில் எழுந்த ஐயத்தை அறிந்திருந்த ஒருவர், அதை அறியவே வழியில்லாதவரின் விரலைச் சுட்டுவது நம் மனத்துக்கு ஒப்பவில்லை. தந்தையோ துக்கத்தோடு முடங்கிவிடாமல், ஆண்டுக்கணக்கில் நிறுவனத்தின் பழைய ஆவணங்களைத் திரட்டினார்.

2006 முதல் புதிய விசை வந்தது. பொருத்துகையில் பசை மிகுந்துவிட்டதென்று அதையும் 2014-இல் திரும்பப் பெற நேர்ந்தது. ஏறத்தாழ 75 லட்சம் துப்பாக்கிகள் பற்றிய வழக்கில், குற்றத்தை ஒப்பாமலே, இலவசமாக விசை மாற்றித் தர நிறுவனம் உடன்பட்டது. 2017-இல் நீதிமன்றம் அதற்கு இசைவளித்தது. உரிமையாளருள் மிகச் சிலரே முன்வந்தனர். 2020-இல் நிறுவனம் திவாலாகிப் பகுதி பகுதியாக விற்கப்பட்டது. இன்று தந்தையின் பழைய ரைபிளை அலமாரியிலிருந்து எடுக்கும் மகன் தன் செலவில்தான் விசையை மாற்ற வேண்டும். நல்ல விசை ஒன்றுக்கு நூறு டாலருக்கு மேல் ஆகிறது.