முதலில் கம்பளிப் பனியன்

ஒஸ்லோ, நார்வே

அன்புள்ள மதுரை வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை ஆசிரியர் அனுப்பிவைத்தார். மகள் ஜனவரியில் இங்கே படிக்க வருவதாகவும், முழங்கால் வரை தொங்கும் தடித்த கோட்டு ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும், அது ஒன்றே போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போது வாங்காதீர்கள் அம்மா. இந்த ஊர்க்காரர்கள் குளிருக்கு உடுத்தும்போது கோட்டைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். தோலை ஒட்டிப் போடும் பனியன்தான் அவர்களுக்கு முதல் கவலை. நடுங்குகிறவர் தோளைக் குறுக்கி, கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டுதான் நடப்பார். அவர் மேல் எந்த உடையும் எடுப்பாக நிற்காது. உள்ளே கதகதப்பு இருந்தால் ஆள் நிமிர்ந்து நடப்பார், சாதாரணக் கோட்டும் அவருக்கு அழகாக அமையும். இந்த ஊரில் நான் கற்ற நாகரிகத்தின் அடிப்படை இதுதான்.

அந்தப் பனியன் கம்பளியாக இருக்க வேண்டும். கம்பளி என்றாலே உடம்பில் குத்தும் என்று நம் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. மெரினோ ஆட்டின் இழை தலைமுடியைவிட மிக மெல்லியது. தோலில் பட்டதும் வளைந்துகொடுத்துவிடும். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரத்தை உள்ளிழுத்த பிறகும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. பருத்தி அப்படியில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடி வேர்த்துவிட்டு, தவறவிட்ட பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றால், வேர்வையில் நனைந்த பருத்திப் பனியன் உடம்புச் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். சித்திரை வெயிலில் நமக்கு இதம் தருகிற அதே குணம்தான் இங்கே ஆளைப் படுக்க வைக்கிறது. மகளின் பெட்டியில் பருத்தி உள்ளாடைகளை அடுக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

1933-இல் ஹென்ரிக் புருன் என்ற நார்வே ராணுவ அதிகாரி, பழைய மீன்வலையைக் கொண்டு தனக்கு ஒரு பனியன் செய்துகொண்டார். ஓட்டை ஓட்டையான வலை எப்படிக் குளிரைத் தாங்கும் என்று கேட்கத் தோன்றும். அதன் மேல் இன்னொரு சட்டையைப் போட்டதும் வலையின் கண்கள்தோறும் காற்று சிறைப்படுகிறது. அசையாத காற்று சூட்டை வெளியே விடாது. வேர்வையும் அந்தக் கண்களின் வழியாகவே மேல் துணிக்கு ஏறிப் போய்விடுகிறது. 1953-இல் எவரெஸ்ட் சிகரத்தைத் தொட்ட குழுவினரும் இத்தகைய வலைப் பனியன்களை அணிந்துதான் ஏறினார்கள். இன்றும் ஒஸ்லோ கடைகளில் இவை விற்பனையில் இருக்கின்றன.

பனியனுக்கு அடுத்தது ஸ்வெட்டர். இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தெற்கே சேத்தெஸ்தால் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே ஆண்கள் அணிந்துவந்த கருப்புக் கம்பளி மேல்சட்டையில், புள்ளி வைத்து இன்னும் இழுக்காத கோலம்போல வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். கழுத்திலும் மணிக்கட்டிலும் வண்ணப் பூத்தையல், மார்பில் உலோகக் கொக்கிகள். அடிப்பகுதி மட்டும் வெறும் வெள்ளை. உயர்ந்த கால்சட்டைக்குள் மறைந்துவிடும் பகுதி என்பதால் அங்கே வேலைப்பாடு தேவைப்படவில்லை.

இந்தப் பழைய மரபைத் தழுவி, 1953-இல் உன்ன் சொய்லாண்ட் என்ற பெண் நீலம், வெள்ளை, சிவப்பு ஆகிய கொடியின் நிறங்களில் ஒரு ஸ்வெட்டரை வடிவமைத்தார். போர்க்காலத்தில் விமானியாகவும் பிறகு பனிச்சறுக்கு வீரராகவும் பெயர் பெற்ற மாரியூஸ் எரிக்சன், அடுத்த ஆண்டு வந்த ஒரு திரைப்படத்தில் அதை அணிந்து நடித்தார். மாரியூஸ் ஸ்வெட்டர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் மலைக்குப் போகும் ரயிலில் ஏறினால் பெட்டிக்கு நாலு பேராவது அதைப் போட்டிருக்கிறார்கள். அணிந்தவர் பெயர் எல்லார் வாயிலும் இருக்க, வடிவமைத்தவர் பெயரைத் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதில் எனக்கு ஆறாத மனத்தாங்கல் உண்டு. மகள் அந்த ஸ்வெட்டரை வாங்கினால் உன்ன் சொய்லாண்டின் பெயரையும் சொல்லிக்கொடுங்கள்.

கையுறைக்கும் ஒரு பெண்ணின் கதை உண்டு. 1857-இல் சேல்பு என்ற ஊரில் மாரித் எம்ஸ்தா என்ற பதினாறு வயதுப் பெண், எட்டு இதழ் ரோஜாவைக் கருப்பு வெள்ளையில் பின்னிய கையுறைகளைச் செய்தாள். அதைப் பார்த்து ஊர்ப் பெண்கள் எல்லாரும் பின்னத் தொடங்க, பின்னாளில் அது அந்த ஊருக்கே வருமானம் தரும் தொழிலாயிற்று. இன்று அந்த ரோஜா நாட்டின் அடையாளங்களில் ஒன்று.

குல்லா வாங்குவதாக இருந்தால் சிவப்பாக வாங்கச் சொல்லுங்கள். ஜெர்மானியர்கள் இந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், கூர்முனைச் சிவப்புக் குல்லா எதிர்ப்பின் அடையாளமாகி, வீதியெங்கும் சிவப்பாகிவிட்டது. 1942 பிப்ரவரியில் அதை அணியவே தடை போட்டார்கள். ஒரு கம்பளிக் குல்லாவைக் கண்டு அஞ்சிய அரசு அது.

நிறத்தைப் பற்றி இன்னொரு சொல். இங்கே மெட்ரோ ரயிலில் ஏறினால் கருப்பு, சாம்பல், கருநீலம் என்று கோட்டுகளில் ஒரே இருட்டு. டிசம்பர் கடைசியில் பகல் ஆறு மணி நேரம்கூட முழுதாக இல்லாத ஊரில் இது எனக்குச் சம்மதமே இல்லை. நம் நிறத்துக்குக் கடுகு மஞ்சளும் செங்கல் சிவப்பும் மயில் பச்சையும் எப்படி எடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஸ்வெட்டரில் வேலைப்பாடு இருந்தால் கழுத்துத் துண்டு ஒரே நிறமாக இருக்கட்டும். ஸ்வெட்டர் வெற்றாக இருந்தால் துண்டில் வண்ணம் விளையாடட்டும். உள்ளே எல்லாக் கட்டடங்களிலும் வெப்பமூட்டியிருப்பார்கள், நுழைந்ததும் கோட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். நாள் முழுக்கப் பிறர் பார்ப்பது ஸ்வெட்டரைத்தான்.

கோட்டை இங்கே வந்து வாங்கட்டும். இரண்டு வகைக் குளிர் உண்டு. மைனஸ் பத்துக்குக் கீழே போகும் உலர்ந்த குளிருக்கு வாத்தின் மெல்லிறகு அடைத்த கோட்டு உகந்தது. சுழியத்தை ஒட்டி, பனி உருகிச் சகதியாகும் நாட்களில் அந்த இறகு நனைந்தால் கட்டிதட்டிச் சூட்டை இழந்துவிடும். அப்போது தண்ணீர் புகாத மெல்லிய மேலங்கிதான் கைகொடுக்கும். பழையதை வாங்கக் கூசவேண்டாம். சால்வேஷன் ஆர்மியின் ஃப்ரெதெக்ஸ் கடைகளில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும் வாங்குகிறார்கள். பூட்ஸ் ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும். தடித்த சாக்ஸ் போட்ட பிறகும் விரல் அசைய இடம் வேண்டும், இறுகினால் கால் விறைத்துவிடும். வழுக்குப் பனிக்குப் பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முட்கள் கிடைக்கும். கோட்டில் தொங்கவிடும், ஒளியைப் பிரதிபலிக்கும் வில்லையை இங்கே சின்னக் குழந்தையிலிருந்து பெரியவர் வரை அணிகிறார்கள், கார் ஓட்டுகிறவர் கண்ணில் படுவதற்காக. மகள் கட்டாயம் மாட்டிக்கொள்ள வேண்டும்.

நம்மைப்போலவே இவர்களும் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்கள். யார் வீட்டுக்குப் போனாலும் சாக்ஸோடுதான் நடக்க வேண்டும், ஆகவே கிழிசல் இல்லாத கம்பளி சாக்ஸ் அவசியம். கம்பளியைத் தினம் துவைக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். இரவில் காற்றாட வெளியே தொங்கவிட்டாலே வாடை போய்விடும். சுடுநீரில் போட்டு அலசினால் சுருங்கிச் சின்னக் குழந்தைக்குத்தான் ஆகும்.

சேலையை மறக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே கூடாது. பொங்கலுக்கு இங்குள்ள தமிழ்ப் பெண்கள் எல்லாரும் சேலைதான். உள்பாவாடைக்கு அடியில் கம்பளிக் கால்சட்டை, ரவிக்கைக்குப் பதில் உடம்பைப் பிடித்த முழுக்கை மெரினோ மேல்சட்டை, அதன் மேல் பட்டு. கொசுவத்தை ஓரங்குலம் ஏற்றிக் கட்டினால் பூட்ஸ் போட்டுக்கொண்டு பனியில் நடக்கலாம்; விழா மண்டபத்தில் மாற்றிக்கொள்ள ஒரு ஜோடி செருப்பைப் பையில் வைத்துக்கொண்டால் போதும். கருப்பு முழுக்கையோடு அரக்குப் பட்டு சேர்ந்தால் அவ்வளவு பாங்காக இருக்கும். மல்லிகை மட்டும் கிடைப்பது கஷ்டம்.

ஆக, அந்தக் கோட்டு பிடிக்கும் இடத்தில் மூன்று பட்டுச் சேலை மடித்து வைத்து அனுப்புங்கள். கம்பளிக் கடைக்கு நானே அவளை அழைத்துப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஒஸ்லோ தோழி