சந்திர மண்டலத்தில் ஓர் இரவு

சந்திர மண்டலத்தில் ஓர் இரவு தங்க ராக்கெட் தேவையில்லை. ஒரு கூடாரமும் கெட்டியான கயிறும் இருந்தால் போதும். அமெரிக்காவின் ஐடஹோ மாகாணத்தில் 'சந்திரனின் பள்ளங்கள்' என்றே பெயர் பெற்ற கரும் பாலைவனம் ஒன்று இருக்கிறது.

சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 2,000 ஆண்டுகளுக்கு முன் வரையில், பூமியின் வெடிப்புகள் வழியே எரிமலைக் குழம்பு விட்டு விட்டுப் பொங்கி வழிந்து உறைந்த இடம் இது. 1924-இல் ஜனாதிபதி கூலிட்ஜ் இதைத் தேசியச் சின்னமாக அறிவித்தார். 1969-இல் அப்பொல்லோ விண்வெளி வீரர்கள் சிலர் பாறைப் பாடம் படிக்க வந்ததும் இங்கேதான்!

வெல்லப்பாகு பொங்கி வழிந்து, ஏடு சுருங்கி நின்றால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு பக்கம். மறு பக்கம் காலைக் கிழிக்கும் கூரிய கற்கள். கோடையில் பாறை 170 டிகிரி பாரன்ஹீட்டுக்கும் மேல் கொதிக்கும். பனியும் மழையும் பெய்யாமல் இல்லை. பெய்த நீரெல்லாம் வெடிப்புகளில் இறங்கி மறைந்துவிடுகிறது. 1920-இல் ராபர்ட் லிம்பர்ட் என்பவர் நண்பர் ஒருவருடனும் நாயுடனும் இதை நடந்தே கடந்தார். பாதம் புண்ணாகிப்போன நாயைச் சுமந்துகொண்டு, புறாக்கள் பறக்கும் திசையைப் பார்த்துத் தண்ணீர் தேடினார்களாம்!

நான், என் தோழி, அவள் கணவர் மூவரும் ஜூன் மாதக் கடைசியில் போனோம். பகலில் தகித்த வெயில், நாலு மணிக்கு எங்கே போயிற்றோ தெரியவில்லை. காற்று சீறியது, ஆலங்கட்டி சடசடவென்று விழுந்தது. பாறையில் முளை இறங்குமா? கூடாரக் கயிறுகளைக் கருங்கற்களில் கட்டினோம். விறகு மூட்ட அங்கே அனுமதி இல்லை. ஆறிப்போன ரொட்டிதான் இராச் சாப்பாடு. "விடிந்ததும் கிளம்பிவிடலாம். இந்தச் சுடுகாட்டில் என்ன இருக்கிறது?" என்று தோழி நடுங்கினாள்.

விடிந்தது. சாம்பல் குன்றின் சரிவில், புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைத்தாற்போல், வெளுத்த சிறு செடிகள் தள்ளித் தள்ளி நின்றன. இரவுக் காற்றில் ஒன்றுகூடச் சாயவில்லை! உயரம் நாலு அங்குலம். வேரோ மூன்றடி வரை பரவுமாம். இருக்கும் ஈரத்தைப் பங்கிட்டுக் கொள்ளத்தான் அந்த இடைவெளி.

தோழி வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கணவரிடம், "கயிற்றை அவிழ்க்க வேண்டாம். இன்னும் ஒரு ராத்திரி இருந்து பார்க்கலாம்" என்றாள்.