மன்னவனூர்: கொடைக்கானலுக்கு அப்பால் ஒரு பகல்!

கொடைக்கானல் போகிறவர்களில் பெரும்பாலோர் ஏரியைச் சுற்றி ஒரு சைக்கிள் சவாரி, தூண் பாறையில் நாலு போட்டோ, கிளம்பும்போது ஒரு பெட்டி சாக்லேட் என்று பயணத்தை முடித்துக்கொள்கிறார்கள். சீசன் நாளில் போனால், இதில் பாதி நேரம் டிராஃபிக்கிலேயே கரைந்துவிடும்.

அதே ஊரிலிருந்து மேற்கே ஒரு சாலை பிரிகிறது. அதில் 35 கிலோமீட்டர் போனால் மன்னவனூர். பச்சைப் புல்வெளி, நடுவே ஓர் ஏரி, கரையில் மேயும் செம்மறி ஆடுகள், சரிவில் அடுக்கடுக்காக இறங்கும் பூண்டு வயல்கள். காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடலாம். ‘மேல்மலை’ என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லும் பகுதி இது.

மன்னவனூருக்கு வேடிக்கை பார்க்க மட்டும் போனால் பாதிதான் பார்த்ததாகும். அங்கே கண்ணுக்கு அழகாகத் தெரியும் ஒவ்வொன்றும் யாருக்கோ சோறு போடுகிற இடம். அது தெரிந்து போகிறவர்களுக்கு இந்தப் பயணம் இன்னும் ருசிக்கும்.

புறப்பாடு

காலை எட்டு மணிக்குள் கொடைக்கானலை விட்டுக் கிளம்பிவிடுவது நல்லது. பனி விலகி வெயில் விழும் நேரத்தில் இந்தச் சாலை தனி அழகு. பெட்ரோலை ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மேலே போகப் போக செல்போன் சிக்னல் வரும், போகும். அதனால் மேப்பை முன்கூட்டியே டவுன்லோடு செய்து வைத்துக்கொள்வது உத்தமம்.

ஊரைத் தாண்டும்போது வருவது சூரிய ஆய்வகம். 1899-ல் சென்னையிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட ஆய்வகம் இது. சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்கின்றன என்பதை 1909-ல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது இந்த மலையில்தான். உலகம் முழுக்க வானியல் மாணவர்கள் இன்றும் அதை அவர் பெயரிலேயே படிக்கிறார்கள். கூட வரும் பிள்ளைகளுக்கு வண்டியில் சொல்ல ஒரு கதை கிடைத்தாயிற்று.

அதன்பிறகு வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் பைன் மரங்கள், மறுபக்கம் பள்ளத்தாக்கு. காட்டெருமைகள் சாலையோரத்தில் சாவகாசமாக நிற்கும். பார்க்கப் பசு மாதிரி சாதுவாகத் தெரிந்தாலும் கிட்டே போய் செல்ஃபி எடுக்கிற வேலை வேண்டாம். வண்டியை நிறுத்தி, அது கடக்கும்வரை காத்திருப்பதுதான் இங்கத்திய வழக்கம்.

பூம்பாறை: பூண்டு மணக்கும் ஊர்

ஏறக்குறைய பாதி வழியில் பூம்பாறை. ஊருக்குள் நுழையும் முன்பே சாலையோரத்தில் ஒரு காட்சிமுனை இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் மொத்த ஊரும் ஒரே பார்வையில் தெரியும். நடுவில் நெருக்கி அடித்துக்கொண்டு வண்ண வண்ண வீடுகள், சுற்றிலும் படிப்படியாக வெட்டிய வயல்கள்.

ஊர் நடுவே குழந்தை வேலப்பர் கோயில். மூலவர் சிலையைச் செய்தவர் போகர் என்பது ஐதீகம். இங்கே தங்கிய அருணகிரிநாதருக்கு ஓர் அரக்கியால் ஆபத்து வந்தபோது, முருகன் குழந்தை வடிவில் வந்து காத்தார் என்றும், அதனால்தான் இந்தப் பெயர் என்றும் சொல்கிறார்கள். பழனிக்குப் போகிறவர்கள் பலர் இங்கும் வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

கோயிலைவிட்டு வெளியே வந்தால் மூக்கு தானாகவே பூண்டைக் கண்டுபிடித்துவிடும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பல் சின்னது, காரமும் மணமும் தூக்கல். அறுவடை செய்த பூண்டைத் தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டி, புகை படும்படி தொங்கவிடுவது இங்கே பழைய பழக்கம். புகை ஏறிய பூண்டு மாதக்கணக்கில் கெடாது. அடுத்த போகத்துக்கு விதையும் அதிலிருந்துதான்.

சாலையோரத்தில் பூண்டுக் கட்டோடு உட்கார்ந்திருக்கும் பெண்களிடம், “அக்கா, கீழே பாதி விலைக்குக் கிடைக்குதே?” என்று பேரம் பேசுவது வாடிக்கை. “அது வேற பூண்டு கண்ணு. இதுல ஒரு பல்லை நசுக்கி மோந்து பாரு” என்பது அவர்கள் பதில். மோந்து பார்த்தவர்கள் பெரும்பாலும் வாங்காமல் போவதில்லை.

இந்த மலைப்பூண்டு பெரியகுளம் பக்கத்தில் இருக்கும் வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டை மூட்டையாக இறங்குகிறது. வண்டிக் கூலி, ஏற்று இறக்குக் கூலி எல்லாம் போகத்தான் விவசாயிக்கு மிச்சம். அவர் கையிலிருந்தே நேராக வாங்கும் ஒவ்வொரு கிலோவிலும் அந்தச் செலவு அவருக்கு மிச்சமாகிறது.

புல்லும் ஆடும் ஏரியும்

பூம்பாறையைத் தாண்டி இன்னும் மேற்கே போனால் காடு சட்டென்று விலகும். மலை, மெத்தை விரித்தது போல அலை அலையாகப் புல்வெளியாகிவிடும். அதன் நடுவில் மன்னவனூர் ஏரி.

இங்கே வனத்துறை சூழல் சுற்றுலா நடத்துகிறது. நுழைவுக் கட்டணம் உண்டு. சாலையிலிருந்து புல்வெளியில் நடந்து இறங்கித்தான் ஏரிக்குப் போக வேண்டும். தண்ணீரில் பரிசல் சவாரி இருக்கிறது. மோட்டார் இரைச்சல் இல்லை. பரிசல்காரர் துடுப்பை நிறுத்திவிட்டால் காற்றின் சத்தம் மட்டும்தான். பெரியவர்கள் கரையிலேயே உட்கார்ந்துகொள்ளலாம். வெயில் இதமாக இருந்தாலும் தொப்பியும் ஸ்வெட்டரும் இரண்டுமே வேண்டும். மேகம் மறைத்த மறு நிமிடம் குளிர் ஏறிவிடும்.

ஏரிக்குப் பக்கத்தில் இருப்பது மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம். தலைமை நிறுவனம் ராஜஸ்தானில் அவிகாநகரில் இருக்கிறது. பாலைவன மாநிலத்து நிறுவனம் 1965-ல் இந்த மலையைத் தேடி வந்ததற்குக் காரணம், இங்குள்ள குளிரும் புல்லும். மென்மையான கம்பளி தரும் ‘பாரத் மெரினோ’ என்ற கலப்பின ஆடுகளை இங்கே வளர்க்கிறார்கள். முயல் வளர்ப்பு ஆராய்ச்சியும் நடக்கிறது. பிள்ளைகளை இங்கிருந்து கிளப்புவதுதான் பெற்றோருக்குக் கஷ்டமான வேலை.

புல் செய்யும் வேலை

பார்க்க வெறும் புல்தான். ஆனால், பழனி மலையின் உச்சிப் பகுதிகளில் ஆதியிலிருந்தே இருப்பது இரண்டு விஷயங்கள்தான்: மடிப்புகளில் சோலைக்காடு, மேடுகளில் புல்வெளி. மழை பெய்யும்போது இந்தப் புல்லின் வேர்களும் அடியில் உள்ள மண்ணும் பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சிக்கொள்கின்றன. மழை விட்ட பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளில் விடுகின்றன. கோடையிலும் ஓடை வற்றாமல் இருக்கும் ரகசியம் இதுதான்.

இந்த மலையின் மேற்குப் பக்கம் பெய்யும் மழை மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு வழியே தேனாறாக இறங்கி, அமராவதியில் சேர்கிறது. அமராவதி அணையிலிருந்து திருப்பூர், கரூர் மாவட்ட வயல்களுக்குத் தண்ணீர் போகிறது. மேல்மலைப் புல்லுக்கும் கரூர் நெல்லுக்கும் உள்ள சொந்தம் இப்படிப்பட்டது.

போட்டோவில் அழகாக விழும் பைன், யூகலிப்டஸ், சீகை மரங்கள் எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. ஒரு காலத்தில் வெற்று நிலம் என்று நினைத்து, விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் காகிதக் கூழுக்கும் புல்வெளியில் இவற்றை வளர்த்தார்கள். இப்போது சீகை மரம் தானாகவே பரவிப் புல்லைத் தின்றுகொண்டிருக்கிறது. அவற்றை அகற்றிப் புல்வெளியையும் சோலையையும் மீட்கும் வேலை மெதுவாக நடக்கிறது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலையை நீலமாக்கும் குறிஞ்சிக்கும் இந்தப் புல்வெளிதான் வீடு. கடைசியாக 2018-ல் பூத்தது. அடுத்து 2030-ல் பூக்க வேண்டும்.

கூக்கால்: இன்னும் ஓர் ஏரி

நேரம் இருந்தால் கூக்காலுக்கும் ஓர் எட்டு போய் வரலாம். இதே வழியில் பிரியும் கிளைச்சாலை கொண்டுபோய் விடும். சின்ன ஊர், சின்ன ஏரி, பக்கத்தில் அடர்ந்த சோலைக்காடு. பறவைகளைத் தேடி வருகிறவர்களுக்குப் பிடித்த இடம். பார்க்க வேண்டிய ‘ஸ்பாட்’ என்று பெரிதாக எதுவும் கிடையாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கேரட் மூட்டை வண்டியில் ஏறுவதைப் பார்த்தபடி ஒரு டீ குடிக்கலாம். மழைக்காலத்தில் சோலைப் பக்கம் நடந்தால் அட்டை கடிக்கும். கையில் கொஞ்சம் உப்பு இருக்கட்டும்.

போய், பார்த்து, திரும்ப வேண்டும்

கூட்டம் மெல்ல மெல்ல இங்கும் ஏறிக்கொண்டிருக்கிறது. பூண்டு போட்டால் ஒரு போகம் லாபம், ஒரு போகம் நஷ்டம். அதே நிலத்தில் நாலு அறை கட்டினால் வாரா வாரம் பணம். இந்தக் கணக்கு எந்த விவசாயியையும் யோசிக்க வைக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால், வயலெல்லாம் விடுதியாகிவிட்டால் காட்சிமுனையில் நின்று பார்க்க என்ன இருக்கும்? கீழே ஓடும் ஓடையில் என்ன தண்ணீர் வரும்?

அதனால்தான் மன்னவனூருக்கு ஒருநாள் பயணம் பொருத்தமானது. பகலில் வந்து, உள்ளூர்க் கடையில் சாப்பிட்டு, விவசாயியிடம் பூண்டும் கேரட்டும் உருளையும் வாங்கி, இருட்டுமுன் திரும்பிவிட்டால் ஊருக்கு வரும்படி உண்டு, பாரம் இல்லை. இரவில் அனுமதியில்லாமல் புல்வெளியில் கூடாரம் அடிப்பது, வயலுக்குள் இறங்கி ரீல்ஸ் எடுப்பது, பாட்டிலை ஏரிக்கரையில் வீசுவது, இந்த மூன்றையும் தவிர்த்தாலே போதும்.

கிளம்பும் முன் கவனிக்க

* கொடைக்கானலுக்கு வெளியூர் வாகனங்களில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆன்லைனில் எடுத்துக்கொள்ளலாம்.

* 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்கு மலையில் தடை. கையில் இருந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் கட்ட வேண்டும். வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் எடுத்து வாருங்கள்.

* ரயிலில் வருகிறவர்கள் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து மலைக்கு சுமார் 80 கிலோமீட்டர்.

* கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூருக்கு அரசுப் பேருந்து உண்டு. எண்ணிக்கை குறைவு. திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

* மழைக்காலத்தில் பாறைச் சரிவுகள் நடக்கலாம். அக்டோபர், நவம்பரில் வானிலையைப் பார்த்துக் கிளம்புங்கள். டிசம்பர், ஜனவரியில் அதிகாலை உறைபனி இருக்கும்.

* மாலை நான்கு மணிக்கெல்லாம் திரும்பிவிடுங்கள். மூடுபனி இறங்கிவிட்டால் எதிரே வரும் வண்டி கிட்டே வந்த பிறகுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்த மறுநாள், அந்தப் பூண்டில் நாலு பல்லைத் தட்டி ஒரு ரசம் வைத்துப் பாருங்கள். அடுத்த முறை எப்போது போகலாம் என்று வீட்டிலேயே யாராவது கேட்பார்கள்!