மாதிரி எடுப்பவருக்கு என்ன தருகிறோம்?

2024 பிப்ரவரியில் ரோடமின்-பி சாயத்துக்காகப் பஞ்சுமிட்டாயைத் தமிழ்நாடு அரசு தடை செய்தபோது ஊரெல்லாம் அந்த ரோஸ் நிறத்தைப் பற்றியே பேசியது. கடை கடையாகப் போய் மாதிரி எடுத்த உணவுப் பாதுகாப்பு அலுவலர்களை யாரும் நினைக்கவில்லை.

அது லேசான வேலையில்லை. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எடுக்கும் மாதிரிக்கு விற்பனை விலையைக் கடைக்காரரிடம் கொடுத்தாக வேண்டும். பிறகு அதை நான்கு பங்காக்கி, சீல் வைத்து, கையெழுத்து வாங்கி, ஒரு பங்கை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பாலாக இருந்தால் கெடாமலிருக்க ஃபார்மலின் சொட்டு வேறு. அறிக்கைக்கு 14 நாள் கெடு. இதில் ஒரு சீல், ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்; கலப்படம் செய்தவர் தப்பிவிடலாம். வேலையில் சேர்ந்தபோது கொடுத்த பயிற்சியோடு நிறுத்திவிட்டால் எப்படி?

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட சிறுமி இறந்த பிறகுதான் மாநிலமெங்கும் சோதனை சூடுபிடித்தது. ஒரு குழந்தை போன பிறகு வரும் வேகம் எனக்கு ஆறுதல் தரவில்லை.

வண்டி, குளிர்ப்பெட்டி, மாதிரி வாங்கப் பணம், ஆண்டுதோறும் பயிற்சி: இவற்றுக்கு மாவட்டந்தோறும் தனி நிதி வேண்டும். உங்கள் எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள். நானும் எங்கள் தொகுதியில் மனு கொடுக்கப் போகிறேன்.