மீனும் உயிரோடு இருக்கணும்... பேட்டரியும் உயிரோடு இருக்கணும்!

இருட்டு இன்னும் முழுதாக விலகவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், சான் டியாகோ நகரத்தின் லா ஹோயா ஷோர்ஸ் கடற்கரை. அவெனிடா டி லா பிளாயா என்ற தெரு நேராக வந்து மணலில் முடிகிறது. அந்த முனையில் வண்டிகள் வரிசையாக நிற்க, கூரைகளிலிருந்து கயாக்குகள் இறங்குகின்றன. நெற்றியில் டார்ச் லைட் கட்டியவர்கள் தூண்டில் கம்புகளைச் செருகுகிறார்கள்.

தண்ணீரில் இறங்குமுன் பலரும் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. கயாக்கின் பின்பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியின் சுவிட்சைத் தட்டுகிறார்கள். 'விர்ர்ர்' என்று ஒரு சத்தம். ஒரு நொடி காது கொடுத்துக் கேட்டுவிட்டு அணைத்துவிடுகிறார்கள். அன்றைய மீன்பிடிப்பே அந்தச் சத்தத்தை நம்பித்தான் இருக்கிறது.

கட்டுமரத்தின் தூரத்துச் சொந்தம்

இங்கே பெரும்பாலும் ஓடுவது மேலே உட்கார்ந்து துடுப்பு போடும் ரகக் கயாக். அலை ஏறினாலும் தண்ணீர் ஓட்டைகள் வழியே கீழே வடிந்துவிடும். கட்டுமரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த உத்தி புதிதல்ல. 'கேட்டமரான்' என்ற ஆங்கிலச் சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான்.

லா ஹோயாவில் இத்தனை கயாக்குகள் கூடக் காரணம், கரைக்கு மிக அருகிலேயே கடலடியில் ஒரு பள்ளத்தாக்கு தொடங்குவது. சற்றுத் தள்ளி, கெல்ப் என்னும் ராட்சதக் கடற்பாசிக் காடு. ஒரே நாளில் அரை மீட்டர் வரை வளரக்கூடிய பாசி இது. அதன் ஓரத்தில் சுற்றித் திரிகிறது எல்லோரும் தேடி வரும் எல்லோடெயில். நம்மூர்ப் பாறை மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. 10 கிலோவைத் தாண்டியும் வளரும்.

அந்த மீனுக்கு மிகவும் பிடித்த தீனி, நம்ம அயிலைக்கு உறவான மேக்கரல். அதுவும் உயிரோடு, துள்ளலோடு இருக்க வேண்டும். துவண்டுபோன இரையை எல்லோடெயில் பெரும்பாலும் சீண்டாது. அதனால் முதலில் சின்னச் சின்னத் தூண்டில்கள் கோத்த 'சபிகி' நரம்பை இறக்கி மேக்கரல் பிடிப்பார்கள். பிறகு அதைத் தொட்டியில் விட்டுக்கொண்டு பெரிய மீனைத் தேடிப் போவார்கள்.

40 லிட்டர் கடல்

மேக்கரல் ஓரிடத்தில் நிற்காத மீன். நீந்திக்கொண்டே இருந்தால்தான் அதற்கு மூச்சு. நின்ற தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், கழிவு சேரும், மீன் சீக்கிரமே மல்லாந்துவிடும். அதனால் ஒரு சிறிய பம்ப் கடலிலிருந்து புதுத் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்க, பழைய தண்ணீர் மேலே உள்ள குழாய் வழியாக வெளியேறுகிறது. மூலையில் முட்டி மூக்கு உடையாமல் இருக்க, தொட்டி வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும்.

40 லிட்டர் தொட்டி நிரம்பினால் 40 கிலோ. அந்தக் கனத்தோடு அலையைத் தாண்டினால் கயாக் கவிழ்ந்துவிடலாம். எனவே வெறும் தொட்டியோடு அலையைக் கடந்து, அப்புறம்தான் பம்பைப் போடுவார்கள். திரும்பும்போதும் கரைக்கு முன்பே தொட்டியைக் காலி செய்துவிடுவார்கள்.

இப்படி ஒவ்வொரு கிலோவையும் எண்ணிப் பார்க்கும் இடத்தில்தான் பேட்டரிக் கேள்வி வருகிறது.

வீட்டிலேயே போடும் கணக்கு

கணக்கு எளிது. பம்ப் இழுக்கும் ஆம்பியரை, கடலில் இருக்கப்போகும் மணி நேரத்தால் பெருக்க வேண்டும். 12 வோல்ட் பம்ப் 2 ஆம்பியர் இழுக்கிறது, 6 மணி நேரம் ஓட வேண்டும் என்றால் 12 ஆம்பியர் ஹவர். சுருக்கமாக 12 ஏ.எச்.

'அப்படியானால் 12 ஏ.எச் பேட்டரி வாங்கினால் போதுமே' என்று நினைப்பதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு. நம் வீட்டு கம்ப்யூட்டர் யு.பி.எஸ்ஸில் இருக்குமே, அந்த ரக லெட் ஆசிட் பேட்டரியில் பாதி சார்ஜைத்தான் செலவு செய்வது நல்லது. அடிவரை உறிஞ்சினால் ஆயுள் மளமளவென்று குறையும். ஆக, 12 தேவை என்றால் 24 ஏ.எச் வாங்க வேண்டும். அதன் எடை 7 கிலோவைத் தொடும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் பெரும்பகுதி சார்ஜையும் பயன்படுத்தலாம். அதே வேலைக்கு 15 ஏ.எச் போதும், எடை ஏறக்குறைய 2 கிலோ. விலை கூடுதல். ஆனால், லெட் ஆசிட் சில நூறு முறை சார்ஜ் தாங்கினால், இது 2,000 முறைக்கும் மேல் தாங்கும். இதற்கென்று உள்ள சார்ஜரும் வேண்டும்.

செலவு செய்ய மனமில்லாதவர்கள் வேறு வழியும் வைத்திருக்கிறார்கள். 12 வோல்ட் பம்பை 6 வோல்ட் பேட்டரியில் ஓட்டுகிறார்கள். பம்ப் மெதுவாகச் சுற்றும், கரண்டும் குறைவாக இழுக்கும். நீரோட்டம் பலமாக இருந்தால் எதிர்நீச்சல் போட்டே மீன் களைத்துவிடும் என்பதால், சின்னத் தொட்டிக்கு இந்த மெது ஓட்டமே நல்லது. தண்ணீர் தொட்டி உயரத்துக்கு ஏறுகிறதா என்று வீட்டில் வாளி வைத்துப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

சத்தம் சொல்லும் சேதி

லித்தியத்துக்கு மாறியவர்கள் புதிதாகப் பழக வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. லெட் ஆசிட் சோர்ந்தால் பம்பின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அனுபவஸ்தர்கள் திரும்பிப் பார்க்காமலே 'சார்ஜ் தீருது' என்று கண்டுகொள்வார்கள். லித்தியமோ கடைசிவரை ஒரே வேகத்தில் ஓடி, உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் பட்டென்று துண்டித்ததும் நின்றுவிடும்.

கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரம். கடல் சிங்கம் ஒன்று இரையைத் திருடப் பக்கத்திலேயே சுற்றுகிறது. பின்னால் திடீரென்று அமைதி. அந்த அமைதியைக் கவனிக்காதவர் சற்று நேரம் கழித்து மூடியைத் திறந்தால், காலையெல்லாம் பாடுபட்டுப் பிடித்த மேக்கரல்கள் வயிற்றைக் காட்டி மிதக்கும். அன்றைய நாள் அதோடு முடிந்தது. அதனால்தான் கணக்குக்கு மேல் கால் பங்காவது கூடுதல் சார்ஜ் வைத்துக்கொள்வது நல்லது.

உப்புத் தண்ணீர் இன்னொரு எதிரி. பேட்டரி தண்ணீர் புகாத டப்பாவில், கவிழ்ந்தாலும் உருளாதபடி பட்டையால் கட்டப்பட்டிருக்க வேண்டும். பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ். முனைகளில் லேசாக வாசலின். அவசரத்துக்கான ரேடியோவும் விளக்கும் தனித் தனி பேட்டரியில்தான் இருக்க வேண்டும். மூடுபனி இறங்கினால் கரை கண்ணுக்குத் தெரியாத கடல் இது. இரை செத்தால் ஒரு நாள்தான் நஷ்டம்; ரேடியோ செத்தால் அப்படிச் சொல்ல முடியாது.

போகிறவர்கள் கவனத்துக்கு

* கரையை ஒட்டி மத்லாஹுவாயில் கடல் காப்பகம் இருக்கிறது. அதற்குள் இரை மீன் உட்பட எதையும் பிடிக்கக் கூடாது. எல்லை தாண்டிய பிறகே தூண்டில் போட வேண்டும்.
* 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மாநில மீன்பிடி லைசென்ஸ் கட்டாயம்.
* மீன் பிடிக்கும் ஆசை இல்லாதவர்களும் வாடகைக் கயாக்கில் கடற்குகைகளைப் பார்த்துவரலாம். கோடையில் ஆழமில்லாத தண்ணீரில், ஆளை ஒன்றும் செய்யாத சிறுத்தைச் சுறாக்கள் கூட்டமாக வரும்.

வெயில் ஏறுமுன் பல கயாக்குகள் கரை திரும்புகின்றன. சிலவற்றில் எல்லோடெயில், பலவற்றில் ஒன்றுமில்லை. மீதமிருந்த மேக்கரல்களைக் கடலிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள் சிலர். காலையிலிருந்து தொட்டிக்குள் சுற்றிய மீன்கள் ஒரு துள்ளலில் மறைந்துவிடுகின்றன. அந்தத் துள்ளல் இருந்தால், பேட்டரி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.