ருகெலஃ

ஆங்கிலம் வழியாக நான் மொழிபெயர்க்கும் இத்திஷ் கதையில் ஒரு கிழவி ருகெலஃ சுட்டு அடுக்குகிறாள். 'சுருள் போளி' என்று எழுதிவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் வாயில் போட்டுப் பார்க்காத பண்டத்துக்கு எப்படிப் பெயர் வைப்பது?

எங்கள் திருச்சுழி வீட்டில் ரொட்டி அடுப்பு கிடையாது. குண்டானுக்குள் மணல் பரப்பி, அடியிலும் மூடிமேலும் சீமைக்கருவேல் கரியின் கங்கு வைத்தேன். பாலாடைக்கட்டிக்குப் பதில் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர். அதோடு வெண்ணெய், மைதா. அக்ரூட்டுக்குப் பதில் வறுத்த நிலக்கடலை, கருப்பட்டித் தூள். மாவை வட்டமாகத் தேய்த்து, பன்னிரண்டு கூறாக அறுத்து, அகன்ற பக்கத்திலிருந்து நுனிவரை சுருட்டவேண்டும். அம்மா இரண்டு தின்றாள். "சோமாசிதானடா. மடிக்கத்தான் தெரியல ஒனக்கு" என்றாள்.

கருப்பட்டி போட்டதால் இது போலியாகிவிடவில்லை. கிழக்கு ஐரோப்பாவில் ஈஸ்ட் மாவில் செய்துவந்ததை, அமெரிக்கா போனவர்கள்தான் பாலாடைக்கட்டி மாவுக்கு மாற்றினார்கள். இறைச்சியோடு பால் சேரக்கூடாதென்பதால் வெண்ணெயே இல்லாமலும் சுடுகிறார்கள். பண்டம் இத்தனைக்கும் இடம் கொடுக்கிறது, பெயர்தான் மறுக்கிறது. 1939க்கு முன் ஒரு கோடிப் பேருக்கு மேல் பேசிய மொழி அது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரை நாஜிகள் கொன்றார்கள். அந்தப் பெயரின் வாலில் இருப்பது சின்னதுகளைச் செல்லமாய் அழைக்கும் விகுதி. போளியில் அந்தக் கொஞ்சல் இல்லை.

கடைசி ஒலி தொண்டையில் உரசுவது. 'க்' வன்மை, 'ஹ்' வெறும் காற்று. ஆய்தம் போட்டிருக்கிறேன். சொல்லின் ஈற்றில் ஆய்தம் வராது என்று இலக்கணம் சொல்லும். ஆசிரியர் அடித்துவிட்டால் மறுபடி போட்டு அனுப்புவேன்.