எதிரொலி

பள்ளிக்கூடமே திருப்பிச் சொல்வதற்கான இடம்தான். வாய்ப்பாட்டை நாற்பது குரல்கள் சேர்ந்து ஒப்பித்தால் அதற்குப் பெயர் படிப்பு. என் மருமான் தனியாகத் திருப்பிச் சொன்னான், கேட்ட கேள்வியையே. மற்ற குழந்தைகளுக்குத் தொந்தரவு என்று திருவல்லிக்கேணிப் பள்ளியொன்றில் அவனைச் சேர்க்க மறுத்தார்கள்.

ஆட்டிஸத்தை 1943இல் விவரித்த லியோ கானரே இந்த எதிரொலியைக் குறித்திருக்கிறார். அதில் ஆமோதிப்பும் வேண்டுதலும் உண்டென்று 1981இல் பாரி பிரிசான்ட் சக ஆய்வாளருடன் சேர்ந்து எழுதினார். "தண்ணி வேணுமா?" என்று அவன் நம்மைக் கேட்டால், தாகம் அவனுக்கு.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16, அங்கீகாரம் பெற்ற பள்ளிகளில் பாகுபாடின்றிச் சேர்க்கை வேண்டும் என்கிறது. பெஞ்சில் இடம் கிடைத்துவிடலாம். அந்தக் கேள்வியைக் கேட்டுத் தம்ளரை எடுத்து நீட்டும் வாத்தியார் எந்தப் பிரிவில் வருவார்?